நான் கட்டச் சொன்ன கயிறு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் பேசுவதற்கு நான் பெரிய ஆள் இல்லை. ஒன்பதாவது வரை படித்தவன். நன்னடத்தை அலுவலகத்தில் கோப்பு தூக்குகிற ஆளாகச் சேர்ந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் வீடு விசாரிக்கப் போகிற வேலை கொடுத்தார்கள், அதோடு ஓய்வு பெற்றேன். முதல் தடவையாக வழக்கில் மாட்டிய பையன்களை, வீட்டிலேயே இருந்து திருந்தட்டும் என்று பெற்றவர்கள் கையில் ஒப்படைத்து விடுகிறார்கள் அல்லவா, அந்தப் பையன்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போக வேண்டும். வீட்டில் இருக்கிறானா, சோறு தின்கிறானா, பழைய சகவாசம் தொடருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து பதிவேட்டில் நாலு வரி எழுத வேண்டும். இனி அதைச் செய்யப் போகிறவர்கள் நீங்கள்.

அந்த நாலு வரியில் ஒரு வரியை நான் ஒரு தடவை தப்பாக எழுதினேன். அதனால் ஒரு பிள்ளையின் உயிர் போக இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள்.

பையன் பேரை மாற்றிச் சொல்கிறேன். தினேஷ் என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வயது, மூலக்குளத்தில் வாடகை வீடு. அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடின பிறகு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். அம்மா துணிக்கடையில் புடவை மடிக்கிற வேலை. பையன் வலி மாத்திரையைப் போதைக்குப் போடப் பழகி, மாத்திரைக்காக யாரோ கொடுத்த பொட்டலத்தைக் கொண்டுபோய் பிள்ளைச்சாவடியில் கொடுக்கப் போன இடத்தில் பிடிபட்டான். அதற்கு முன்னால் அவன் மேல் ஒரு புகார்கூடக் கிடையாது.

நான் முதல் தடவை போனபோது அவன் அப்பா வாசலில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். உள்ளதான் இருக்காரு தொர. ராவெல்லாம் ஊரான் காசுக்கு நான் காவ காக்குறேன், பகல்ல இவனுக்கும் நாந்தான் காவல். ஊட்ல தூங்குறதுக்குத்தான் ஆளில்ல."

பையன் உள்ளே சிரித்தான். நல்ல சிரிப்பு. எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். பிடித்த பிள்ளைக்கு நம்மிடம் இருப்பதிலேயே பெரிய மருந்தைக் கொடுக்கத் தோன்றும்.

என்னிடம் இருந்த பெரிய மருந்து கயிறு. நான் ஒரு காலத்தில் குடித்தவன். முப்பத்தெட்டு வயதில் அம்மன் கோயிலில் கயிறு கட்டித்தான் விட்டேன். நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளித்து ஈரத்துணியோடு போய், இத்தனை நாள் தொடமாட்டேன் என்று சொல்லி, பூசாரி கையால் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. எனக்கு அது பலித்தது. இன்றைக்கும் காலையில் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். அந்தத் தாய் இல்லாவிட்டால் என் பிள்ளைகளுக்கு அப்பன் இல்லை.

எங்கள் அதிகாரி ஒரு அம்மா. மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பையனைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் பேச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். டாக்டர் கேள்வி கேட்கிறார், இவன் பதில் சொல்கிறான், அவ்வளவுதான் என்று எனக்கு அது சப்பென்று தெரிந்தது. மேடத்திடம் சொல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவன் அம்மாவும் வந்தார். பூசாரி கயிற்றைக் கட்டிவிட்டுச் சொன்னார்.

"மனசோட கட்டிக்கப்பா. ஒரு மண்டலம். நடுவுல முடியலன்னா இங்க வந்து அவுத்துட்டுப் போ, அவ கோச்சுக்க மாட்டா. ஒளிச்சு மட்டும் வைக்காத."

எனக்கு அது போதவில்லை. சின்னப் பிள்ளையிடம் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அவன் மறுநாளே வந்து நிற்பானே என்று பட்டது. அம்மா வேலைக்குக் கிளம்பினதும், அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போய் என் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தேன்.

"பூசாரி லேசா சொல்லிட்டாரு. கயிறு கையில இருக்கறப்ப மாத்திரையத் தொட்ட, ஆத்தா சும்மா உடமாட்டா. உச்சி வெயில்ல வாசல்ல வந்து நிப்பா. உங்கம்மா கொரல்லயே பேரு சொல்லிக் கூப்புடுவா. மூணு வாட்டி. மூணாவது வாட்டி நீயே எழுந்து பின்னால போயிடுவ. அப்புறம் ரத்தம் ரத்தமா கக்கித்தான் சாவணும்."

அவன் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்துவிட்டான். அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மருந்து ஏறுகிறது என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு வாரமும் போனேன். வீடு அமைதியாக இருந்தது, பையனும் அமைதியாக இருந்தான். மூன்றாவது வாரம் போனபோது மணி பன்னிரண்டு இருக்கும். அப்பா டூட்டி முடிந்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அன்றைக்கு விடுமுறை. வெளியே அனல். வீட்டிலோ ஜன்னல் எல்லாம் சாத்தி, கதவுக்கு அடியில் இருக்கிற சந்தில் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. தினேஷ் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு நனைந்திருந்தது. ஆனால் உடம்பு குளிரில் நடுங்குவதுபோல நடுங்கியது. நான் வந்ததற்குத் திரும்பவில்லை.

அம்மா என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்தார். மோர் ஆற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அண்ணே, பன்னண்டு ஆனா கதவ சாத்திக்கிறான். நான் பேரு சொல்லிக் கூப்ட்டா அப்பிடியே வெளிறிப் போறான். 'என்னப் பேரு சொல்லிக் கூப்புடாதம்மா, கையத் தட்டு, நீதான்னு தெரிஞ்சுக்குவேன்'ங்கறான். பெத்த புள்ளைய நாய்க்குட்டியக் கூப்புடற மாதிரி கையத் தட்டிக் கூப்புட்டுட்டுக் கெடக்கறேன்."

"சோறு?"

"அவங்கப்பா கேக்குறாரு, மாத்திரைய உட்டானோ இல்லியோ சோத்த உட்டுட்டானேன்னு."

அவர் சொல்லி முடித்து வாயை மூடியிருந்தார். மோர் டம்ளர் என் கையில் இருந்தது. அப்போது தெருப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது. "தினேசு." இழுக்காமல், அதட்டாமல், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அது என் எதிரே நிற்கிற அந்த அம்மாவின் குரல்.

கூடத்தில் பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"என்னண்ணே?" என்றார் அவர். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நான் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். சந்து முழுக்க வெள்ளை வெயில். ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் நாய் ஒன்று படுத்திருந்தது. அது தலையைத் தூக்கி, நான் நிற்கிற வாசல்படியைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் பார்த்தது. பிறகு எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு போய்விட்டது.

என் உடம்பில் ஒவ்வொரு மயிரும் நின்றது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கை எடுத்துக் கும்பிட்டேன். தாயே வந்துவிட்டாள், இந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிறாள் என்று கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் குரலை நானே டீக்கடையில் உட்கார்ந்து கட்டிவிட்டது எனக்கு அந்த நிமிஷம் ஞாபகமே இல்லை. கோடையில் முழுக்கைச் சட்டை, அந்த வியர்வை, அந்த நடுக்கம், எதைப் பற்றியும் நான் ஒரு பேச்சு கேட்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து எழுதினேன்: 'பையனுக்குத் தெய்வ பயம் வந்துள்ளது. நல்ல மாற்றம் தெரிகிறது.'

மறுநாள் காலை மேடம் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது என்ன தெய்வ பயம்?"

நான் பெருமையாகவே சொன்னேன். கயிறு, டீக்கடை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும். கேட்ட குரலை மட்டும் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கயிறு கட்டினத நான் தப்பு சொல்லலண்ணே. எங்க ஊட்லயும் கட்டினவங்க இருக்காங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் நடுவுல ஒரு மாத்திரை போட்டுட்டான்னு வைங்க. அத யார்கிட்ட வந்து சொல்லுவான்?"

அவரே தொடர்ந்தார்.

"அம்மாகிட்டயா? அம்மா கொரலுதான் அவனக் கொல்ல வருதே. ஆஸ்பத்திரியிலயா? சாவப் போறவனுக்கு டாக்டர் எதுக்கு? உங்ககிட்டயா?"

அவர் கோபமாகப் பேசவில்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது. பூசாரி ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார், முடியாவிட்டால் வா என்று. நான் அதை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

உடனே கிளம்பினோம். நான் என் மொபெட்டில், மேடம் ஆட்டோவில். மூலக்குளம் போய்ச் சேரும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. வீடு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் பையன் செருப்பு இருந்தது, கட்டிலில் போன் இருந்தது, அப்பாவின் சைக்கிளைக் காணோம். அவரையும் காணோம், மகனைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடியிருந்தார். அம்மா அப்போதுதான் கடையிலிருந்து அலறியடித்து வந்திருந்தார்.

"பக்கத்து ஊட்டுப் பொண்ணுதாண்ணே போன் போட்டுது. 'வந்துட்டேம்மா, வந்துட்டேம்மா'ன்னு சொல்லிக்கிட்டே சைக்கிள எடுத்துக்கிட்டுப் போறானாம். நான் கூப்புடவேயில்லியே அண்ணே. நான் கடையில இருந்தேனே."

எங்கே போயிருப்பான்? மேடம்தான் யோசித்தார். பிடிபட்ட இடத்தைப் போலீஸ் காகிதத்தில் படித்திருக்கிறார். பிள்ளைச்சாவடியில் கடல் தின்ற வீடுகள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் நல்ல வீடு மாதிரி நிற்கும், உள்ளே நுழைந்தால் பின்பக்கம் இருக்காது, கடல் இருக்கும். மாத்திரைக் கூட்டம் கூடுகிற இடம் அதில் ஒன்று. அம்மாவை மேடம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட, நான் முன்னால் போனேன்.

சைக்கிள் மணலில் சாய்ந்து கிடந்தது. முன்கதவு இல்லாத நிலைப்படி வழியாகப் பார்த்தேன். கூடம், அதில் காலண்டர் மாட்டின ஆணி, சுவரில் ஒரு பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்த கோடுகள். அதற்கப்பால் சமையல்கட்டின் நிலை மட்டும் தனியாக நின்றது. அந்த நிலைக்குள் தினேஷ் நின்றான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் காலடியோடு தரை முடிந்துவிட்டது. கீழே கொட்டிக்கிடக்கிற பாறையில் அலை அடித்து மேலே தெறித்தது. அவன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

"வர்றேம்மா. இரும்மா. ரெண்டு வாட்டிதான கூப்ட்ட."

கூப்பிடத்தான் வாயெடுத்தேன். தினேஷ் என்று ஒரு சத்தம் போட்டால் திரும்பிவிடுவான் என்றுதான் யாருக்கும் தோன்றும். நல்ல வேளை, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அவன் மூன்றாவது கூப்பிடலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறான். பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும் அதுதான் மூன்றாவது. ஓடிப்போய்ப் பின்னாலிருந்து பிடித்தாலும் அதே கதிதான்.

அந்த நேரம் பின்னால் ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கி மகனைப் பார்த்தார். வாய் திறந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். மேடத்துக்குப் புரிந்துவிட்டது, பாய்ந்து அந்த அம்மாவின் வாயைத் தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். பெற்றவள் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அப்படி ஒரு நிலைமையை நான் உண்டாக்கியிருந்தேன்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அவன் கண்ணுக்கு முன்னால் வர வேண்டும். பக்கத்து வீட்டு இடிந்த சுவரைத் தாண்டி, பாறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். கால் வழுக்கியது, முழங்கால் கிழிந்தது. அவனுக்கு நேர் எதிரே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். அப்புறமும் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான்.

"சார், நீங்க நெசமா?"

"நெசந்தான்டா. கையக் குடு, தொட்டுப் பாரு."

"குடுக்கமாட்டேன். கயிறு இருக்கு." மணிக்கட்டை மார்போடு அழுத்திக்கொண்டான். "நான் போட்டுட்டேன் சார். பதினோராம் நாளு. ஒண்ணுதான் போட்டேன். அப்புறம் எப்பிடியும் சாவத்தான போறோம்னு நெறைய போட்டேன். இன்னும் ரத்தம் வரல. எப்ப சார் வரும்?"

ஒரு பிள்ளை பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டான்.

ஆத்தா மன்னித்துவிட்டாள் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அது நான் கட்டிவிடுகிற இரண்டாவது பொய். அவள் மன்னித்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் என் வாயில் வந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

"அது நான் சொன்ன பொய்ப்பா."

"சாமி மேல பொய் சொல்லுவீங்களா சார் நீங்க?"

"சொன்னேன். நீ பயந்தா சரியாயிடுவன்னு சொன்னேன். பூசாரி என்ன சொன்னாரு, யோசிச்சுப் பாரு."

ஒரு அலை வந்து என் மார்பு வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது.

"முடியலன்னா வந்து அவுத்துக்கன்னாரு."

"அவ்ளோதான் கோயில்ல சொன்னது. மீதியெல்லாம் டீக்கடையில நான் சொன்னது."

"அப்ப கூப்புடறது யாரு சார்?"

அவன் கண் இன்னும் என் தோளுக்கு மேலேதான் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் கடலைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அங்கே இரண்டு அலைக்கு நடுவில் ஒரு மௌனம் வந்தது, ஒருவர் பேசுவதற்கு முன்னால் மூச்சு இழுக்கிற மாதிரி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியத்தால் இல்லை, பயத்தால்தான் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியலப்பா. நேத்து உங்க ஊட்ல எனக்கும் கேட்டுது."

அவன் பார்வை முதல் தடவையாக என் முகத்துக்கு இறங்கியது.

"உங்களுக்குமா?"

"எனக்குந்தான். நான் போவலியே. கேட்டா கேட்டுட்டுப் போவுது. நீயும் போவாத."

கயிறு கட்டின கையைத்தான் அவன் நீட்டினான். பிடித்துக்கொண்டேன். அப்போது ரோட்டுப் பக்கமிருந்து கை தட்டுகிற சத்தம் வந்தது. அவன் அம்மா. வாயைத் திறக்காமல், கன்னத்தில் தண்ணீர் ஓட, கையைத் தட்டிக்கொண்டே நின்றார். தினேஷ் அந்தப் பக்கம் திரும்பினான்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவனைப் பல நாள் வைத்திருந்தார்கள். மாத்திரையாலும் இப்படிக் குரல் கேட்கும், அதைத் திடீரென்று விட்டாலும் கேட்கும், பயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம் என்று டாக்டர் விளக்கினார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். மாத்திரையே போடாத என் காதில் விழுந்ததைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை, அதற்கு அவர் மருந்தும் எழுதவில்லை.

அவன் வெளியே வந்ததும் கோயிலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தோம். நான் செய்ததைப் பூசாரியிடம் சொன்னேன். அவர் குங்குமத்தைக்கூட நீட்டாமல் என்னையே பார்த்தார்.

"அவளுக்கு வாய் இல்லன்னு உனக்கு யார்யா சொன்னா? நீ எப்பலருந்து அவளுக்குப் பதிலாப் பேசக் கெளம்பின?"

பதிவேட்டில் என் பழைய வரிக்குக் கீழே, 'மேலே எழுதியது தவறு. பையன் பயத்தில் இருந்தான், அதை நான் மாற்றம் என்று எழுதிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதற்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

கயிறு கூடாது, சாமி கூடாது என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் என் வாய் அழுகிவிடும். நீங்கள் உபதேசம் செய்தாலும் சரி, வீடியோ காட்டினாலும் சரி, போலீஸ் பேரைச் சொன்னாலும் சரி, அவன் தவறி விழுந்தால் மறுநாள் உங்கள் முகத்தில் விழிக்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகிறபோது பையன் ரொம்ப அடங்கி இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். மோரை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நாலு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் கறிகாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது போன் வந்தது. தினேஷ்.

"சார், நேத்து ஒண்ணு போட்டுட்டேன்."

"எங்கப்பா இருக்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. சீட்டு குடுக்கற எடத்துல நிக்கிறேன். மொத ஆளா உங்களுக்குத்தான் சொல்றேன். அம்மாகிட்ட சாயங்காலம் சொல்லிக்கிறேன்."

"சரி. உள்ள போ. நான் வந்துடறேன்."

பையைக் கீழே வைத்துவிட்டு, கை கால் கழுவி, சாமி அறையில் விளக்கை ஏற்றினேன். என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"விடியக்காலையிலதான ஏத்துனீங்க. இப்ப எதுக்குங்க?"

"ஒரு புள்ள தப்பு பண்ணிட்டான்."

"அதுக்கா விளக்கு?"

"வந்து சொல்லிட்டான்."